ஆஸ்பத்திரிக் கணக்கும் தலையெழுத்தும்
(பழவேற்காட்டு மீனவர் குப்பத்தில் செய்த சொற்பொழிவு)



உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று ஆஸ்பத்திரிக்கு வரும் வாலிபர்கள், இளம்பெண்கள் தொகை ஏறுகிறது என்று கேட்டவுடனே, வைதிகர் "கலி முற்றிவிட்டது" என்கிறார். ஊர்ப் பெரியவர் "இக்காலத்துப் பிள்ளைகளுக்கு மனத்திடமில்லை" என்கிறார். தாயார் "தலையெழுத்து" என்று அழுகிறார். மூவரும் கணக்கைப் பார்க்கவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

ஆஸ்பத்திரிக் கணக்கு துன்பப்பட்டவர் தொகையல்ல. வந்து சேர்ந்தவர் தொகை. வீட்டிலேயே மறைக்கப்பட்டவரும், பேய் பிடித்ததென்று மந்திரவாதியிடம் இழுத்துச் செல்லப்பட்டவரும் அதில் இல்லை. மறைப்பதற்குக் காரணமும் இருந்தது. 1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, பிழைத்தவனைக் குற்றவாளியாக்கிற்று. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமோ அவனைக் கடுந்துயரில் இருந்தவனாகக் கொள்ளச் சொல்லிற்று. 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதுச் சட்டத்தில் அப்பிரிவே இல்லை. ஆகவே துன்பம் மிகுந்தாலும் தொகை ஏறும். பயம் நீங்கினாலும் ஏறும்.

இலங்கையைப் பாருங்கள். அங்கே 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளைத் தடுத்தார்கள். பத்து வருஷத்தில் தற்கொலைச் சாவு விகிதம் ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்தோர் தொகை குறையவில்லை. காரணம், வந்தவர்கள் பிழைத்தார்கள். வரவை மட்டும் பார்த்தவன் தோல்வி என்பான். சாவை மட்டும் பார்த்தவன் துயரமே தீர்ந்தது என்பான்.

நமது குப்பங்களோ சிறியவை. ஒரு வருஷம் இருவர், மறு வருஷம் நால்வர் என்றால் "இரட்டித்தது" என்று கூச்சலிடுவதும், அடுத்து ஒருவர் என்றால் தூங்கிவிடுவதும் அறிவாகாது. பல வருஷங்களைச் சேர்த்து, வயது, ஆண், பெண், பிழைத்தவர், மீண்டும் வந்தவர் என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

அதுவரை கைகட்டி நிற்பதா? இவ்வேரியில் சீட்டுப் போட்டு வலையிடும் "பாடு" முறையில் பெண்ணுக்குப் பங்குண்டா? வேறு ஜாதியானுக்கு உண்டா? முகத்துவாரம் தூர்ந்தால் மீன் குறைகிறது, கடன் ஏறுகிறது. பரீட்சையில் தவறினால் வசை. ஜாதி கடந்து நேசித்தால் அடி. எந்த ஒன்றையும் தனிக்காரணமென்று சொல்லமுடியாதுதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மனிதர் ஏற்படுத்தியவை, மனிதர் மாற்றக்கூடியவை. தலையில் எழுதியவை அல்ல.

முகம் வாடிய பிள்ளையிடம் "சாகவேண்டுமென்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேராகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புகுந்துவிடாது. அடைத்த வாய் திறக்கும். 104, 14416 என்ற டெலிபோன் எண்களில் இலவசமாகப் பேசலாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முதல் வாரங்களே ஆபத்து மிகுந்தவை. ஆதலால் பிழைத்து வந்தவரை ஏசாமல் அருகிலிருங்கள்.

எனவே தோழர்களே, அடுத்த முறை தொகை ஏறிற்று என்று கேட்டால், "யார் வந்தார்கள், யார் பிழைத்தார்கள், பிறகு யார் துணைநின்றார்கள்?" என்று கேளுங்கள் எனக் கூறி, இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.