இரணைமடுவுக்கு மேலே நிற்கும் காடு

கிளிநொச்சி உருத்திரபுரத்து வயலுக்குத் தண்ணீர் தருவது இரணைமடுக் குளம். குளத்துக்குத் தருவது கனகராயன் ஆறு. அந்த ஆறு வருகிற வழியெல்லாம் காடு. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற நிலத்தில் பெய்யும் மாரி மழை சருகில் ஊறி மெல்ல இறங்கும். மரம் போனால் அதே மழை மண்ணை வாரி வந்து குளத்தைத் தூர்த்துவிடும்.

2030-க்குள் காட்டுப் பரப்பை 32 சதவீதமாக்குவதாக இலங்கை பரிஸ் உடன்படிக்கையின் கீழ் வாக்களித்திருக்கிறது. நல்ல இலக்குத்தான். ஆனால் இந்தக் காடு நிற்கும் வன்னியில் சிக்கல் வேறு. போரில் இடம்பெயர்ந்த சனம் 2009-இல் அது முடிந்த பின் திரும்பியபோது பல ஊர்களில் பழைய காணி பற்றைக்காடாகி, வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்குள் கிடந்தது. கட்டின கிணறு உள்ளே, காணிக்காரர் வெளியே! களவாக முதிரை தறிக்கிறவனை மட்டும் அந்தக் கல் மறிக்கவில்லை.

வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பொறுக்கப் போகிறவர்களைப் பாருங்கள். பழத்தின் பால் உதட்டில் பிசினாய் ஒட்டியிருக்கும். எந்த மரம் எங்கே விழுந்தது என்பதை முதலில் காண்பவர்களும் அவர்களே. அவர்களைக் கேளாமல் கொழும்பில் கீறும் வரைபடம் காட்டைக் காக்காது.

எல்லைக்கல்லுக்குள் அகப்பட்ட காணிக்கு உறுதியோ பெர்மிட்டோ வைத்திருப்பவர்கள் பிரதியைக் கரைச்சிப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, எல்லையைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குளத்துக்கு மேலே மரம் தறிபடக் கண்டால் அதையும் அறிவியுங்கள்.