மொழி தெரியாத ஆசிரியர்



பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வருகிறது. வகுப்பாசிரியரை வந்து பார்க்கும்படி எழுதியிருக்கிறது. தாய் கடிதத்தைத் தகப்பனிடம் நீட்டுகிறாள். "நீயே போயிட்டு வா" என்கிறார் அவர். "எனக்கு அவங்க பாஷை எங்கே வரும்? நீங்க போங்க" என்கிறாள் தாய். கடைசியில் இருவருமே போவதில்லை. இது நம் வீடுகளில் நடக்காத கதை அல்ல.

மொழி தெரியாத இடத்தில் வாய் திறக்கக் கூச்சம் வருவது இயற்கை. படிக்காதவர்களுக்குத்தான் இந்தக் கூச்சம் என்று நினைத்துவிட வேண்டாம். பாடம் சொல்லிக்கொடுக்கப் போன ஆசிரியரே மொழி தெரியாமல் தவித்ததுண்டு. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அவர் பெயர் லஃப்காடியோ ஹெர்ன். 1850-ஆம் ஆண்டு கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றில் பிறந்தவர். தாய் கிரேக்கப் பெண், தகப்பனார் அயர்லாந்துக்காரர். பதினாறு வயதில் அவருக்கு ஒரு கண் போய்விட்டது. மிஞ்சிய கண்ணிலும் பார்வை குறைவு. அமெரிக்காவில் பல ஆண்டுகள் பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தார். பிறகு 1890-இல், நாற்பதாவது வயதில், ஜப்பானுக்குக் கப்பலேறினார்.

ஜப்பான் என்றதும் நம் பெரியவர்களுக்கு யுத்த காலமும் சயாம் மரண ரயிலும் நினைவுக்கு வரும். அந்தத் துயரம் மறக்கக்கூடியதல்ல. நான் சொல்வது அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னே நடந்தது.

மாட்சுயே என்ற ஊரில், ஓர் ஏரிக்கரையோரம், பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை ஹெர்னுக்குக் கிடைத்தது. ஜப்பானிய மொழியோ அவருக்குத் தெரியாது. கடைக்குப் போனாலும் சிரமம். யாராவது வீட்டுக்கு வந்தாலும் சிரமம். அவருடைய பெயரே அந்த ஊர்க்காரர்கள் வாயில் 'ஹெருன்' என்று மாறிப்போயிற்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

பள்ளியில் நிஷிதா என்ற ஆசிரியர் இருந்தார். ஆங்கிலம் நன்றாக அறிந்தவர். அவர்தான் ஹெர்னுக்குக் கைகொடுத்தார். ஹெர்னும் உதவி கேட்க வெட்கப்படவில்லை. மாணவர்களை ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னார். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததை, தங்களுக்குத் தோன்றியதை எழுதினார்கள். அவர்கள் அவரிடம் ஆங்கிலம் படித்தார்கள். அவர் அந்தக் கட்டுரைகளிலிருந்து ஜப்பானியர் மனத்தைப் படித்தார். 1894-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் அந்தப் பிள்ளைகளின் எழுத்தையும் சேர்த்துக்கொண்டார்.

இனி வீட்டுக் கதைக்கு வருவோம். 1891-இல் செட்சு என்ற பெண் அவர் வீட்டுக்கு வேலைக்கு வந்தார். நல்ல குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் குடும்பம் நொடித்துப்போனதால் பதினொரு வயதிலேயே படிப்பை விட்டுத் தறியில் உட்கார்ந்தவர். பின்னர் இருவரும் கணவன் மனைவி ஆனார்கள். அவருக்கு ஜப்பானிய மொழி வராது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. குடும்பம் எப்படி நடந்திருக்கும்?

நம் தோட்டங்களில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் சந்தித்துக்கொண்டபோது எப்படிப் பேசினார்கள்? பசார் மலாயில்தானே! அதுபோல இந்த இருவரும் தங்களுக்கென்று ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். 'நாளைக்கு நான் ஊருக்குப் போகிறேன்' என்பதை 'நாளை, நான், ஊர், போ' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட ஜப்பானிய மொழி அது. அந்தப் பேச்சுக்கு 'ஹெருன் ஐயா மொழி' என்றே பெயர் வந்துவிட்டது. வெளியூர் போனால் ஹெர்ன் மனைவிக்கு அந்த மொழியிலேயே கடிதம் எழுதுவார். செட்சு அம்மாவும் ஆங்கிலச் சொற்களைக் காதில் விழுந்தபடியே ஜப்பானிய எழுத்தில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துப் படித்தார். அந்தக் குறிப்பேடு இன்றும் இருக்கிறது.

இரவு நேரங்களில் விளக்கைத் தணித்துவிட்டு, செட்சு அம்மா பழைய பேய்க் கதைகளைச் சொல்வார். புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் ஹெர்னுக்குப் பிடிக்காது. உன் சொந்த வார்த்தையில் சொல், உன் மனத்தில் உள்ளபடி சொல் என்பார். கேட்ட கதைகளை ஆங்கிலத்தில் எழுதினார். 1904-இல் 'குவைதான்' என்ற நூல் வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் அதைப் படிக்கிறார்கள்.

ஒரு நாள் செட்சு அம்மா மனம் வருந்தினாராம். பள்ளியில் நன்றாகப் படித்திருந்தால் உங்களுக்கு இன்னும் உதவியாக இருந்திருப்பேனே என்று சொன்னாராம். ஹெர்ன் அவரை அழைத்துக்கொண்டுபோய், தாம் எழுதிய புத்தகங்கள் இருந்த அலமாரியின் முன்னே நிறுத்தினார். இவையெல்லாம் யாரால் பிறந்தவை என்று கேட்டார். நீ படித்த பெண்ணாக இருந்திருந்தால் இந்தக் கதைகளைக் கேலி செய்து ஒதுக்கியிருப்பாய் என்றார். கணவர் இறந்த பிறகு தம் நினைவுகளைச் சொன்னபோது, அந்த அம்மையாரே இதைச் சொல்லியிருக்கிறார்.

நேயர்களே, அப்படியானால் படிப்பே வேண்டாமா என்று கேட்காதீர்கள். உடைந்த பேச்சு வாசற்படிதான். அதிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. பசார் மலாயை வைத்துக்கொண்டு தேர்வு எழுத முடியாது. செட்சு அம்மா குறிப்பேடு வைத்துப் படித்தாரே, அதை நினைவில் வையுங்கள். ஹெர்னும் பதினான்கு ஆண்டுகள் ஜப்பானில் வாழ்ந்தார், 1896-இல் அந்நாட்டுக் குடிமகனாகி கொய்சுமி யாக்குமோ என்று பெயரும் மாற்றிக்கொண்டார். அப்படியிருந்தும் ஜப்பானியச் செய்தித்தாளைப் படிக்கும் அளவுக்கு அந்த மொழி அவருக்கு வரவில்லை. அந்தக் குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

ஆனால் மொழி முழுதும் வரட்டும், பிறகு பேசுவோம் என்று அந்த இருவரும் காத்திருந்தால், அந்தக் கதைகள் அந்த வீட்டைத் தாண்டி வெளியே வந்தே இருக்காது.

ஆகவே தாய்மார்களே, தகப்பன்மார்களே! நீங்கள் தோட்டத்தில் இருந்தாலும் சரி, தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்துவிட்டாலும் சரி, அடுத்த முறை பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் போய் வாருங்கள். தெரிந்த நாலு வார்த்தையில் பேசுங்கள். வராத சொல்லுக்குப் பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை மலாயிலோ ஆங்கிலத்திலோ தப்பும் தவறுமாகப் பேசிப் பார்த்தால் சிரிக்காதீர்கள். வீட்டில் சிரித்தால், வகுப்பில் அது வாய் திறக்காது.

இரவில் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் பாட்டி சொன்ன கதையை உங்கள் தமிழில் சொல்லுங்கள். அதற்குப் பள்ளிப் படிப்புத் தேவையில்லை. அந்தப் பிள்ளை நாளைக்கு எந்த மொழியில் எழுதினாலும், எழுதுவதற்கு ஒரு கதை அதனிடம் இருக்கும்.