கத்தரித்து வைத்த சித்திரங்கள்

பழம்பொருள் என்றவுடன் செப்பேடும் ஓலைச்சுவடியும் பழங்காசுந்தான் பலருக்கு நினைவில் தோன்றும். அவற்றைத் தேடுபவரை ஊரார் மதிக்கிறார்கள். செய்தித்தாளின் ஒரு மூலையில் வந்த இரண்டு மூன்று கட்டச் சித்திரத்தைத் தேடி வீடு வீடாகச் செல்பவரை என்னென்பார்கள்? தருமபுரி மாவட்டத்துத் தொப்பூரில் என்னைப் 'பேப்பர்க்காரர்' என்கிறார்கள். அதைவிடக் கடுமையான பெயர் ஒன்றும் உண்டு. அதை வானொலியில் சொல்வதற்கில்லை.

எங்கள் ஊர் சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே, நெடுஞ்சாலை மலைச்சரிவில் இறங்கும் இடத்தில் இருக்கிறது. கணவாயைக் கடக்கும் லாரிகள் தேநீருக்காக இங்கே நிற்கும். ஓட்டுநர்கள் விட்டுச் சென்ற செய்தித்தாள்கள் கடைப் பலகையில் கிடக்கும். மறுநாள் அவற்றில் வடை மடிக்கப்படும். நாளிதழின் ஆயுள் அவ்வளவுதான். அந்த ஆயுளை மீறிப் பிழைத்த தாள்களே என் சேகரம்.

நாளிதழில் சித்திரம் இடம்பெற்ற வரலாறு பழையது. நியூயார்க்கில் புலிட்சரின் 'வேர்ல்டு' இதழில் 1895-ஆம் ஆண்டு முதல் ஔட்கால்ட் என்ற ஓவியர் ஒரு சிறுவனை வரைந்தார். அச்சிறுவனின் மஞ்சள் நிற அங்கி விரைவில் ஊரறிந்த அடையாளமாயிற்று. மறு ஆண்டே போட்டிப் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட் அவ்வோவியரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். புலிட்சர் வேறோர் ஓவியரைக் கொண்டு அதே சிறுவனை வரையச் செய்தார். ஒரு சிறுவன், இரண்டு பத்திரிகைகள்! தமிழில் 1906-இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டார். ஆனால் கருத்துப்படம் வேறு, நாள்தோறும் வளரும் கதைத்தொடர் வேறு. கதைத்தொடர் என்றால் தமிழருக்கு நினைவு வருவது 'கன்னித்தீவு'. 'தினத்தந்தி'யில் 1960-இல் தொடங்கி, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட கதை அது. முடிவில்லாத வழக்கையும் முடிவில்லாத கட்டட வேலையையும் 'கன்னித்தீவு மாதிரி' என்று நம் மக்கள் சொல்வதிலிருந்தே அதன் செல்வாக்கை அறியலாம். சிந்துபாத்தையும், மந்திரத்தால் சிற்றுருவாகிப்போன லைலாவையும் அறியாத தேநீர்க் கடை உண்டோ?

இத்தனை பேர் படித்த பொருள் ஏன் இவ்வளவு அரிதாயிற்று? தாளின் குணம் ஒரு காரணம். செய்தித்தாள், மரத்தை அப்படியே அரைத்த கூழினால் ஆவது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் அதில் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் தாள் மஞ்சளாகி, அமிலம் ஏறி, விரல் பட்டாலே நொறுங்குகிறது. மனிதர் செயல் மற்றொரு காரணம். அமெரிக்க நூலகங்கள் பல, பழைய நாளிதழ்களை நுண்படச் சுருளில் பதித்துக்கொண்டு மூலத்தைக் கழித்துவிட்டன. கறுப்பு வெள்ளைச் சுருளில் அந்த மஞ்சள் அங்கி எங்கிருந்து வரும்? சான்பிரான்சிஸ்கோவில் பில் பிளாக்பியர்டு என்பவர் கழிக்கப்பட்டவற்றையெல்லாம் ஏற்று, தம் வீடு முழுவதும் அடுக்கினார். 1998-இல் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அச்சேகரத்தின் எடை சுமார் 75 டன். நம் நாட்டிலும் அத்தகையவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா, நூல்களோடு துண்டு அறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் விடாது சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின் அச்செல்வம் சென்னையில் ஆய்வு நூலகமாக நிலைபெற்றது. பிறர் குப்பை என்றதை அவர் குப்பை என்னவில்லை.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தேநீர்க் கடையில் எடுபிடியாக இருந்தவர். மாலையில் எவருக்கும் வேண்டாமற்போன தாளிலிருந்து கன்னித்தீவை மட்டும் கத்தரித்து, பழைய பேரேட்டில் மைதாப் பசையால் ஒட்டி வந்தார். "இதுலதாம்ப்பா நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன்" என்று அதை என்னிடம் நீட்டினார். அவருடைய பேரன் அதை எடைக்குப் போட எடுத்து வைத்திருந்தான். பசையின் சுவைக்காக இராமபாணப் பூச்சி பல பக்கங்களைத் துளைத்திருந்தது. தேதி எங்கும் இல்லை. பகுதிகளின் வரிசை எண்களைக் கொண்டே ஒழுங்குபடுத்தினேன்.

அதற்கு மாறாக, மற்றொரு வீட்டில் டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த முழுத்தாள் ஒன்று கிடைத்தது. மேலே பட்டுப்புடவை, உள்ளே இருள். தாள் நிறம் மாறவேயில்லை. சித்திரத்தின் அருகில் திரைப்பட விளம்பரம், தானிய விலை, எங்கோ நடந்த ஊர்வலம் எல்லாம் இருந்தன. சிந்துபாத்து எந்த உலகத்துக்கு நடுவே வாழ்ந்தான் என்பதை அந்தத் தாளே காட்டியது. ஆகையால் என் கட்சி இதுதான்: சேர்ப்பவர் கத்தரிக்கோலை எடுக்கவே கூடாது. சித்திரத்தை மட்டும் வெட்டி எடுப்பது, மணவறைப் படத்தில் மாப்பிள்ளையை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வதைப் போன்றது. ஆனால் அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் வெட்டியிராவிட்டால் அதுவும் வடையோடு போயிருக்கும்.

நேயர்கள் பரணையும் பெட்டியையும் தூய்மை செய்யும்போது அடித்தாளை ஒருமுறை பாருங்கள். பிசின் நாடா ஒட்ட வேண்டா. அது காய்ந்து பழுப்புக்கறை விடும். மடிப்பை வலிந்து விரிக்க வேண்டா. வெயிலில் உலர்த்தவும் வேண்டா. எங்கே, யார் வீட்டில் கிடைத்தது என்பதைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள்.

பேரேட்டில் இன்னும் பல எண்கள் விடுபட்டிருக்கின்றன. அவ்விடங்களில் வெறுந்தாளைச் சேர்த்துத் தைத்திருக்கிறேன். அப்பகுதிகளில் நடந்ததைப் பெரியவர் நினைவிலிருந்து சொல்கிறார். நான் பக்கத்தின் கீழ்ப்பாதியில் பென்சிலால் குறித்து வருகிறேன். மேற்பாதி சித்திரத்துக்காகக் காலியாக இருக்கிறது.