கரி தடவி, சீவி, மறுபடி கரி தடவி

கையால் செய்கிற பொழுதுபோக்குகள் பற்றிப் பேசின போன எபிசோடில், "நான் வார இறுதியில் துப்பாக்கி செய்யறேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன். அதுக்கு வந்த கேள்விகளைப் பார்த்தா, பாதிப் பேர் அதைத் தவிர வேற எதையும் கேட்கலை போல. அதனால இன்னிக்கு முழுக்க அதுதான்.

முதல்ல பயத்தைத் தீர்த்துடறேன். நான் இருக்கிறது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில். நான் செய்யறது 1760, 70களில் இந்த ஊர்க்காரங்க வேட்டைக்கு எடுத்துட்டுப் போன நீளத் துப்பாக்கி. வாய் வழியா மருந்தும் குண்டும் போட்டு இடிச்சு, சக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டி வெடிக்கிற வகை. இங்கே 1968-இல் வந்த துப்பாக்கிச் சட்டம் இந்தப் பழைய வகைகளையும் அவற்றின் நகல்களையும் நவீனத் துப்பாக்கிக் கணக்கில் சேர்க்கலை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஆனா பெரும்பாலான இடங்களில் குழலையும் மரத்தையும் தபாலில் வரவழைக்கலாம். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டும்னே ஒரு மான் வேட்டைக் காலம் இருக்கு. 1974-இல் ஆரம்பிச்சது.

இந்தியாவில் கேட்கிறவங்களுக்கு: அங்கே கதை வேற. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம எந்தத் துப்பாக்கியும் செய்யக் கூடாது, நாட்டுத் துப்பாக்கி உட்பட. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாது, ஆயுள் வரைக்கும் போகலாம். இதைக் கேட்டுட்டு யாரும் மொட்டை மாடியில் எதையும் ஆரம்பிச்சிடாதீங்க.

சரி, உள்ளே போவோம். ஆங்கிலத்தில் "லாக், ஸ்டாக் அண்ட் பேரல்" என்று ஒரு சொலவடை உண்டு. ஒண்ணு விடாம மொத்தமாங்கிற அர்த்தம். அது துப்பாக்கியின் மூணு பாகம். லாக் என்பது பொறி தட்டும் இயந்திரம், ஸ்டாக் என்பது மரக்கட்டை, பேரல் என்பது குழல். தமிழிலும் இதுக்கு நல்ல சொற்கள் இருக்கு, நாமதான் மறந்துட்டோம். கல்லைப் பிடிச்சுக்கிட்டு முன்னால் பாயற பாகத்தை இங்கிலீஷ்காரன் சேவல் என்றான். நம்ம ஆட்கள் குதிரை என்றார்கள். மருந்தை இடிக்கிற கோலுக்குக் கஜக்கோல்னு பேரு. துப்பாக்கிங்கிற சொல்லே துருக்கியிலிருந்து வந்தது.

கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு பார்த்திருப்பீங்க. இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டிச்சு, ஓரத்தில் இருக்கிற துளை வழியா தீ வைப்பாங்க. இந்தத் துப்பாக்கியின் தத்துவமும் அதேதான். தீ வைக்கத் திரிக்குப் பதிலா கல்லும் எஃகும். பொறி கல்லிலிருந்து வருதுன்னு நாம நினைக்கிறோம், இல்லையா? கல்லில் ஒண்ணும் இல்லை. கூரான கல் எஃகுத் தகட்டை இழை இழையாச் சீவுது. அந்த எஃகு இழைகள் காற்றில் எரியறதுதான் பொறி. சாணைக்காரர் கத்தி தீட்டும்போது பறக்குமே, அதே பொறி. அது ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கிற கொஞ்சம் மருந்தில் விழணும், அந்தத் தீ பக்கத்துத் துளை வழியா உள்ளே போகணும். கிண்ணத்து மருந்து மட்டும் பத்திக்கிட்டு உள்ளே ஒண்ணும் ஆகலைன்னா, ஆங்கிலத்தில் "ஃப்ளாஷ் இன் த பேன்". இந்தச் சொலவடையும் இங்கிருந்து வந்ததுதான்.

இப்போ வேலைக்கு வர்றேன். குழலும் பூட்டும் நான் வாங்கினது. இந்தப் பொழுதுபோக்கில் பெரும்பாலானவங்க அப்படித்தான். எனக்கு 200 மணி நேரத்துக்கு மேல எடுத்தது மரம்தான். வரி வரியா புலித்தோல் மாதிரி மின்னுற மேப்பிள் மரம். அதில் 42 அங்குல நீளமுள்ள எட்டுப் பட்டைக் குழலைப் பதிக்கணும். "பள்ளம் தோண்டி வைக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீங்க. பள்ளம் குழலைவிட ஒரு தாள் கனம் அகலமா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அதனால குழலில் விளக்குக் கரி தடவி, மரத்தில் அழுத்தி, எடுக்கணும். கரி ஒட்டின இடம்தான் இடிக்கிற இடம். அதை மட்டும் உளியால் சீவணும். மறுபடி கரி தடவி, அழுத்தி, எடுத்து, சீவி... ஒரு நாளைக்கு நூறு தடவை. அவசரப்பட்டு ஒரு சீவல் கூடுதலா எடுத்தா, அதைத் திருப்பி ஒட்ட முடியாது.

குழலுக்குக் கீழே கஜக்கோல் போக நீளமா ஒரு துளை போடணும். குழலுக்கும் அந்தத் துளைக்கும் நடுவில் நிக்கிற மரம் நம்ம ஆசாரி கணக்கில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. துளைக்கிற கம்பி உள்ளே எந்தப் பக்கம் திரும்புதுன்னு வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. அந்த அரை மணி நேரம் என் வீட்டில் யாரும் என்கிட்ட பேசறதில்லை.

மரத்துக்கு நிறம் தர்றது ஒரு தனி அழகு. இரும்பைக் கரைச்ச நைட்ரிக் அமிலத்தைத் தடவினா மரம் அழுக்குப் பச்சையாத் தெரியும். சூடான இரும்பைக் கிட்டக் கொண்டு போனா, கண் முன்னாலேயே செம்பழுப்பா மாறும். குழலுக்கோ துருவேதான் வண்ணம். வேணும்னே துரு ஏத்தி, தேய்ச்சு, மறுபடி ஏத்தி, அது பழுப்புத் தோலா படியற வரைக்கும் செய்யணும்.

இதையெல்லாம் எனக்கு யார் சொன்னாங்க? அதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடிச்ச விஷயம். தொழிற்சாலைகளும் தோட்டாத் துப்பாக்கிகளும் வந்த பிறகு இந்தக் கைத்தொழில் ஏறக்குறைய செத்துப் போச்சு. அப்பலாச்சியன் மலைப் பக்கம் சிலர் மட்டும் விடாம செய்துட்டு இருந்தாங்க. 1933-இல் வாய்வழித் துப்பாக்கிப் பிரியர்கள் ஒரு தேசியச் சங்கம் ஆரம்பிச்சாங்க. இந்தியானாவில் ஃப்ரெண்ட்ஷிப் என்கிற குட்டி ஊரில் இன்னிக்கும் கூடறாங்க. ஆனா எல்லாத்தையும் பழைய முறையில், ஒரு இரும்புப் பட்டையிலிருந்து தொடங்கிச் செய்ய முடியுமா? வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் என்கிற இளைஞர் செய்து காட்டினார். பட்டையைச் சூடேற்றி ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, அடிச்சு ஒட்டி, குழலாக்கி, உள்ளே கையாலேயே சுருள் வரி போட்டு, பூட்டு, பித்தளை எல்லாம் தானே செய்தார். 1969-இல் அதைப் படமாவும் எடுத்தாங்க. பத்து வருஷம் கழிச்சு ஜார்ஜியாவில் பள்ளிக்கூடப் பசங்க கிழவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்து, "ஃபாக்ஸ்ஃபயர்" வரிசையின் ஐந்தாம் புத்தகத்தில் இந்த வேலையைப் பக்கம் பக்கமா பதிவு செய்தாங்க.

பேட்டி கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் பழைய துப்பாக்கிகளே பேசின. பூட்டைக் கழட்டினா உள்ளே மறைஞ்ச மரத்தில் உளித் தடம் அப்படியே இருக்கும். வெளியே பளபளன்னு இழைச்ச அதே ஆள், யாரும் பார்க்காத இடத்தில் நேரத்தை வீணாக்கலை. எங்கே கவனம் வேணும், எங்கே வேண்டாம்னு அந்தத் தடங்களைப் படிச்சுத்தான் பாதித் தொழிலை மீட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லியாகணும். இந்தப் பொழுதுபோக்குக்காரங்க கூடுற இடங்களில் இது அதிகம் பேசப்படாது. நீளத் துப்பாக்கியை வளர்த்தெடுத்தவங்க ஜெர்மனி, சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறினவங்க. அவங்களோட முக்கியமான ஊர் லான்காஸ்டர். அதே ஊரில், 1763 டிசம்பர் 27-ஆம் தேதி, பாதுகாப்புக்காக அரசு வளாகத்தில் தங்க வெச்சிருந்த கானஸ்டோகா பழங்குடிகள் 14 பேரை, குழந்தைகள் உட்பட, எல்லைப்புறக் குடியேறிகளின் கும்பல் ஒண்ணு புகுந்து கொன்னது. இரண்டு வாரம் முன்னால் அவங்க கிராமத்திலேயே 6 பேர். அந்த மேப்பிள் வரிகளைத் தடவிப் பார்த்து "என்ன அழகு" என்று நானும் சொல்றேன். ஆனா பட்டறைகளோட பெயரை எல்லாம் மனப்பாடமா ஒப்பிக்கிறவர், அந்த 20 பேரைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாம இருந்தா எனக்கு எரிச்சல் வரும். இத்தனைக்கும் ஷானி, டெலவேர் மக்களும் இதே ரைஃபிளை விரும்பி வாங்கினவங்கதான்.

நம்ம பக்கத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. கருமருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பு. பிளாசிப் போருக்குப் பிறகு பீகார் வெடியுப்பு கிழக்கிந்தியக் கம்பெனி கையில் போச்சு. ஆங்கிலேயர் போர்களுக்கு மருந்து அங்கிருந்து கப்பலேறியது. 1857-இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த தோட்டாவும் வாய்வழித் துப்பாக்கிக்கானதுதான். உள்ளே இருக்கிற மருந்தைக் குழலில் கொட்டணும்னா காகிதத்தைக் கடிச்சுக் கிழிச்சாகணும்.

அடிக்கடி வந்த கேள்வி: "வெடிச்சுப் பார்த்தீங்களா?" பார்த்தேன். கருமருந்து மட்டும்தான், இன்னிக்குத் தோட்டாக்களில் இருக்கிற புகையில்லா மருந்தை இதில் போட்டா குழலே வெடிச்சுச் சிதறும். விசையை இழுத்த பிறகு ஒரு நொடியில் சின்னப் பங்கு தாமதம் இருக்கு. முதல் தீ முகத்துக்குப் பக்கத்தில் எரியும், கண் சிமிட்டாம குறியைப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். அப்புறம் வெள்ளைப் புகை, தீபாவளி காலை வாசனை. குண்டு எங்கே போச்சுன்னு புகை விலகினாத்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஊத்திக் குழலைக் கழுவணும், இல்லைன்னா துரு ராத்திரியே வேலையை ஆரம்பிச்சிடும்.

சென்னையில் இருக்கிறவங்க எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்க்கலாம். அங்கே திரித் துப்பாக்கி கண்ணில் பட்டா, குழலும் மரமும் சேர்ற கோட்டைக் கண்ணாடிக்கு மேல குனிஞ்சு கொஞ்ச நேரம் பாருங்க. இடைவெளி எவ்வளவு இருக்குன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.