நிரவலும் பள்ளமும்

(காட்டுப்பள்ளியில் மாணவர், பெற்றோர் முன் ஆற்றிய உரை)



கணக்கைப் பற்றிப் பேசக் கணக்காசிரியர் இருக்கத் தமிழாசிரியனை ஏன் அழைத்தனர் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் எண்ணினேன். என் பள்ளிக் கணக்காசிரியர் ஒருநாள் என்னிடம் வந்து, “ஐயா, பிள்ளைகள் வாய்பாட்டை ஒப்பிக்கிறார்கள், விடையும் பிழையின்றி வருகிறது. ஆனால், அந்த விடை எதைச் சொல்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். இது கணக்கின் குறையா, சொல்லின் குறையா?” என்று கேட்டார். அவர் கேள்விக்கு நான் கண்ட விடையே இன்றைய என் பேச்சு.

ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நம் பிள்ளைகள் புள்ளியியல் படிக்கிறார்கள். இடைநிலை, முகடு, வீச்சு, விலக்கம் என்னும் சொற்கள் அப்பாடத்தில் வருகின்றன. இவை நம் சொற்கள். தம் பொருளைத் தாமே சொல்லும். கூரையின் உச்சி முகடு. எண்வரிசையுள் மிகுதியும் வருவதும் முகடு. பிள்ளைக்கு விளக்கவே வேண்டா. ‘சராசரி’ என்பது மட்டும் பாரசீகத்தில் தோன்றி இந்துத்தானி வழியாக இங்கே புகுந்த சொல். நூறுமுறை ஒப்பித்தாலும் அது தன் பொருளைக் காட்டாது. அதற்கு நாம் வழங்கும் சொல் நிரவல்.

நிரவுதல் யாது? மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி நிலத்தை ஒப்பமாக்குதல். மண் வெளியிலிருந்து வரவில்லை, வெளியே போகவுமில்லை. மேட்டில் எடுத்தது எவ்வளவோ, பள்ளத்தில் விழுந்தது அவ்வளவு. எண்கள் நிரவலிலிருந்து மேலும் கீழும் விலகும் அளவுகளைக் கூட்டினால் சுழியே எஞ்சும் என்று இயற்கணிதத்தில் நிறுவுகிறோமே, அவ்வுண்மை முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இச்சொல் இன்னோர் உண்மையையும் உடன்கூறுகிறது. நிரவிய நிலத்தைப் பார்ப்பவனுக்கு முன்னே மேடு எங்கே இருந்தது, பள்ளம் எங்கே இருந்தது என்பது தெரியாது. நான் இன்று வலியுறுத்த வந்தது இதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஏழு படகுகள் கடலுக்குப் போய்வந்தன. ஒரு படகுக்கு அன்றைய வருவாய் நிரவலாக 1,000 உருபா என்று ஒருவர் எழுதி வைக்கிறார். கேட்பவர் என்ன நினைப்பார்? எல்லாரும் ஓரளவு நன்றாகவே இருக்கிறார்கள் என்று நினைப்பார். ஆனால், நமக்குத் தெரிந்த ஆறு படகுகளின் வருவாய் 200, 300, 300, 400, 500, 600. இவற்றின் கூட்டுத்தொகை 2,300. ஏழாவது படகு கொண்டுவந்தது எவ்வளவு? தெரியாததற்கு ஓர் எழுத்தை நிறுத்துவதுதானே இயற்கணிதம்? ‘அ’ என்று நிறுத்துங்கள். ஏழு படகுக்கும் மொத்தம் 7,000 ஆக வேண்டும். ஆகவே அ என்பது 4,700. ஒரே படகின் மேடு ஆறு படகுகளின் பள்ளத்தை மறைத்துவிட்டது! வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை எண் 400; முகடு 300. மூன்று எண்களும் கணக்கில் மெய்யே. ஆயினும் அந்த ஊரின் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை 400 சொல்லும்; 1,000 சொல்லாது.

இது வகுப்பறைக் கணக்கோடு முடிவதன்று. சென்னைத் துறைமுகத்தை எண்ணிப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினாக் கரை அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர்ப் பக்கம் வரை கடல் கரையைத் தின்றது. இப்போது கரை முழுமைக்குமாக ஒருவன் நிரவல் காண்பானாயின், வளர்ந்ததும் தேய்ந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். கரை பெரிதாக மாறவில்லை என்று எண் சொல்லும். வடக்கே வீடிழந்தவன் அந்த எண்ணில் எங்கே இருக்கிறான்?

காட்டுப்பள்ளிப் பெருமக்களே! கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே பழவேற்காட்டு ஏரி, தெற்கே எண்ணூர்க் கழிமுகம் என நீர் சூழ வாழ்பவர்கள் நீங்கள். இங்குள்ள துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் முன்மொழிவுக்கான மக்கள் கருத்துக்கேட்பு 2021இலும் 2023இலும் நாள் குறிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அத்திட்டத்தைப் பற்றித் தீர்ப்புரைக்க நான் இங்கு வரவில்லை. ஆனால், அத்தகைய திட்டங்களோடு வரும் அறிக்கைகள் எண்களால் நிறைந்தவை. அவற்றைப் படித்துக் கேள்வி கேட்கும் ஆற்றல் இவ்வூர்ப் பிள்ளைக்கு வேண்டுமா, வேண்டாவா? அவ்வாற்றலைத் தரும் பாடம் ஐந்து மதிப்பெண்ணுக்காக ஒப்பிக்கப்பட்டு மறக்கப்படலாமா?

பழவேற்காட்டு ஏரியின் நிரவல் ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று நூல்கள் கூறும். அதை நம்பி முகத்துவாரத்தில் இறங்குவானா நம் மீனவன்? இறங்கமாட்டான். நிரவலுக்குள் பள்ளம் ஒளிந்திருக்கும் என்பதை நம் மீனவர் காலால் அறிவர். அவ்வறிவு ஏட்டில் ஏறவில்லை என்பதே குறை.

இன்னும் ஒன்று. ஏரியிலே எல்லா இடத்திலும் மீன் ஒருபடித்தாகக் கிடைப்பதில்லை. நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாமல், இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்னும் ஏற்பாடு பழவேற்காட்டு மீனவர் சிலரிடம் வழிவழியாக உண்டு. மீனை நிரவ முடியாது. வாய்ப்பை நிரவலாம் என்று கண்டவர்கள் அவர்கள். பிள்ளைகளுக்கு நிகழ்தகவு கற்பிக்க இதைவிட நல்ல தொடக்கம் வேறு எங்கே தேடுவது?

‘தமிழில் இதெல்லாம் இயலுமா?’ என்பாரும் உளர். 1767 முதல் 1774 வரை தாமசு பார்னார்டு என்பவர் செங்கற்பட்டுப் பகுதியில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். அவ்வூர்களின் வீடுகளும் நிலங்களும் விளைச்சற் பங்குகளும் நம் கணக்கர்களால் தமிழில் பனையோலைகளில் குறிக்கப்பட்டிருந்தன. எண்ணியதும் தமிழன், எழுதியதும் தமிழில். இடையில் வந்தது கூச்சமேயன்றி இயலாமையன்று.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடநூலில் உள்ள எண்களோடு நின்றுவிடாதீர்கள். ஒரு திங்களுக்கு ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுப் பாட்டை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். மீன் கிடைக்காத நாளில் சுழி என்று எழுதட்டும். சுழியை விட்டுவிட்டு எழுதும் கணக்கு பொய்க்கணக்கு. பிறகு நிரவலும் இடைநிலையும் வீச்சும் காணட்டும். பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது உள்ள தொகையைச் சொல்லுங்கள், குறைவென்று நாணவேண்டா.

மாணவச் செல்வங்களே, எந்த எண் உங்கள் முன் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் எண்ணினார்? எந்தெந்த நாளில் எண்ணினார்? நிரவுவதற்கு முன் மேடும் பள்ளமும் எங்கே இருந்தன? இம்மூன்றையும் தமிழில் கேளுங்கள். தமிழிலேயே விடை வாங்குங்கள்.

எண்ணும் எழுத்தும் கண்ணென்று கற்ற நாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாழ்வது தகுமா? இரு கண்ணும் திறக்கட்டும்.