நோன்பும் மருந்தும்

சமணப் பெருமக்களே,

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து நம் இல்லங்களில் இரவுண்ணாமை வழிவழி வந்த ஒழுக்கம். நீரிழிவாளர் பொழுதிருக்க உண்டுவிட்டு, உணவுக்குரிய இன்சுலினை வழக்கம்போல் இரவில் இட்டுக்கொண்டால், இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் தாழக்கூடும். நடுக்கமும் மயக்கமும் வரும். நலிந்த இதயத்துக்கு அது பெருந்தீங்கு.

ஆதலின் நோன்பேற்குமுன் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையிலோ தத்தம் மருத்துவரிடமோ மருந்தின் அளவையும் வேளையையும் கேட்டறிக, தாமே நிறுத்தற்க. நடுக்கம் கண்டவிடத்து உடனே சர்க்கரை நீர் அருந்துக. தன்னுயிர் ஓம்பலும் அறமே.

புறத்தவம் ஆறனுள் உண்ணாமை ஒன்று மட்டுமே. குறைய உண்ணலும் சுவை துறத்தலும் தவமே. தசலட்சண நாள்களில் நெய், எண்ணெய், வெல்லம், உப்பு ஆகியவற்றைத் துறப்பவர், மருத்துவர் சொல்லையும் அறநூல் நெறியையும் ஒருங்கே காத்தவராவார்.