கரண்ட் போன பிறகும் பேசுகிற குரல்

(பருவமழை முன்னேற்பாடு பற்றி நடந்த நம் சங்கக் கூட்டத்தில், துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



சம்ப்பில் மழைத்தண்ணீர் புகாமல் பார்ப்பது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வைப்பது, லிஃப்டை எப்போது நிறுத்துவது என்று இதுவரை பேசினோம். எல்லாம் தேவையானவை. அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு பொருளைச் சேர்க்கச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ இருக்க வேண்டும். "இந்தக் காலத்தில் ரேடியோவா?" என்று சில தம்பிகள் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

2023 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயல் மழையில் கரண்ட் போனது. பல பகுதிகளில் அது திரும்பி வர நாள்கணக்கானது. செல்போன் சிக்னலும் போனது. வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்துக்கு எண்ணெய்க் கழிவும் வந்து சேர்ந்தது. அது அடங்குவதற்குள், அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்தது. கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது.

வெள்ளமும் வாயுவும் வேறு வேறு ஆபத்துகள். ஆனால் இரண்டிலும் நாம் கேட்ட கேள்விகள் ஒன்றுதான். என்ன நடக்கிறது? வீட்டுக்குள் இருப்பதா, வெளியே போவதா? போவதென்றால் எந்தப் பக்கம்? வாட்ஸப்பில் வந்தது உண்மையா, வதந்தியா? இதற்கு நம்பகமான ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் கரண்ட் போன பிறகும் கேட்க வேண்டும்.

செல்போன் டவருக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி தீர்ந்தால் டவர் படுத்துவிடும். டவர் இருந்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் லைன் கிடைக்காது. ரேடியோவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நூறு பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்புக் கோபுரத்துக்கு ஒரே வேலைதான். ஊரே இருண்டிருந்தாலும், கோபுரம் இயங்குகிற வரை, இரண்டு பென்டார்ச் செல் போட்ட பெட்டியில் அந்தக் குரல் கேட்கும். இதனால்தான் 2023 ஏப்ரலில், போன்களில் எஃப்.எம். வசதியை முடக்க வேண்டாம் என்று மத்திய அரசு போன் தயாரிப்பாளர்களுக்கு ஆலோசனை சொன்னது. உங்கள் போனில் அந்த வசதி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் வயர் உள்ள இயர்போனையும் எடுத்து வையுங்கள். பெரும்பாலான போன்களுக்கு அந்த வயர்தான் ஏரியல்.

எந்த ஸ்டேஷன் கேட்பது? தனியார் எஃப்.எம். நிலையங்களில் பாட்டும் பேச்சும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் சொந்தமாகச் செய்தி அறிக்கை தயாரித்து ஒலிபரப்ப அவற்றுக்கு நம் நாட்டில் அனுமதி இல்லை. ஆகவே வானொலியில் செய்தி என்றால் அது அரசு வானொலிதான். மீடியம் வேவில் 720 கிலோஹெர்ட்ஸ், எஃப்.எம்.மில் 101.4 ரெயின்போ. இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி ரேடியோவிலேயே ஒட்டி வையுங்கள். நம் கான்கிரீட் கட்டடத்துக்குள் எது தெளிவாகக் கேட்கிறது, ஜன்னலோரம் வைத்தால் எப்படி என்று மழைக்கு முன்பே சோதித்துப் பாருங்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கான வானிலை எச்சரிக்கையும் வானொலியில் வருவதுண்டு. காசிமேட்டில் கேட்டால் சொல்வார்கள்.

இது நம் ஊரில் முளைத்த பழக்கம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. பணத் தட்டுப்பாட்டில் 1927-இல் அது நின்றபோது, கருவியை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930-இலிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. குடிநீர், தெருவிளக்கு மாதிரி ரேடியோவும் மாநகராட்சியின் சேவையாக இருந்தது! 1938-இல் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. நாட்டிலேயே முதல் எஃப்.எம். ஒலிபரப்பும் 1977-இல் சென்னையில்தான். 1975-இல் வந்த சென்னை தூர்தர்ஷன், பொதிகையாக வளர்ந்து, 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ் என்ற பெயரில் வருகிறது. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பீர்கள். சரோஜ் நாராயணஸ்வாமியின் குரலைக் கேட்டால் பாதித் தூக்கத்திலும் செய்தி நேரம் என்று தெரியும்.

கேட்டால் மட்டும் போதாது, புரியவும் வேண்டும். துறைமுகத்தில் இருந்தவன் என்பதால் ஒன்றை விளக்குகிறேன். "சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று செய்தியில் சொல்வார்கள். மூன்றும் நம் துறைமுகங்கள். எண் கூடக் கூடப் புயலின் பலம் ஒவ்வொரு படியாகக் கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல.

1, 2 என்றால் ஆபத்து இன்னும் தொலைவில், கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம், உஷாராக இருங்கள் என்று பொருள். 5, 6, 7 மூன்றும் அபாயம். இவற்றுக்குள் வித்தியாசம் பலத்தில் இல்லை, பாதையில்தான். மேற்கு நோக்கி வரும் புயல் நமக்கு வடக்கே கரையைக் கடக்கும் என்றால் 5, தெற்கே கடக்கும் என்றால் 6, துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. இதே வரிசையில் 8, 9, 10 பெரும் அபாயம். அதாவது தீவிரப் புயல். கடைசியில் உள்ள 11-க்கு என்ன அர்த்தம் தெரியுமா? புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். பெரும் அபாயத்துக்கும் மேலே, கடைசிக் கூண்டாக, தகவல் வராத நிலையை வைத்திருக்கிறார்கள். இதை நாம் யோசிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரேடியோ இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. நிலையத்துக்கு யாராவது தகவல் கொடுத்தால்தான் அவர்கள் சொல்ல முடியும். மாநிலம் முழுவதுக்குமான செய்தியில் எர்ணாவூர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதற்கு இடம் கிடைக்காது. அதைக் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு. ஆபத்தான ரசாயனங்கள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, விபத்து நடந்தால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கு, என்ன ஆபத்து, அப்போது என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவலை வானொலியிலும் டிடி தமிழிலும் எளிய தமிழில் சொன்னால் மாடி வீட்டுக்கும் குப்பத்துக்கும் ஒன்றாகப் போய்ச் சேரும். பாம்பனில் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி 2016-இலிருந்து நடக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இத்தனை ஜனங்களும் இத்தனை ஆலைகளும் இருக்கும் கரையில் அப்படி ஒன்று ஏன் கூடாது?

ஆகவே சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று, வாட்ச்மேன் அறையிலும் ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு பேட்டரி ரேடியோவும் மாற்றுச் செல்லும் சங்கச் செலவில் வாங்கி வைக்க வேண்டும். கரண்ட் போனதும் ஒருவர் செய்தி கேட்டு, வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்கள் நோட்டீஸ் போர்டில் இருக்கட்டும்.

இரண்டு, கூண்டு எண்களின் அர்த்தத்தைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு லிஃப்டுக்குப் பக்கத்திலும் ஒட்ட வேண்டும்.

மூன்று, அக்டோபர் தொடங்கும் முன் சென்னை வானொலிக்கும் டிடி தமிழுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம் போக வேண்டும். வாயுக் கசிவின்போது வடசென்னை மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நிகழ்ச்சி, மழை நாட்களில் வடசென்னைக்கெனத் தனி அறிவிப்பு ஆகியவற்றைக் கேட்போம். பக்கத்துக் குடியிருப்புச் சங்கங்களும் மீனவ கிராமத்தினரும் கூடவே கையெழுத்துப் போட்டால் கடிதத்துக்குக் கனம் கூடும்.

மழை இல்லாத நாட்களில் அந்த ரேடியோவைப் பரணில் போட்டுவிடாதீர்கள். காலைச் செய்தியையும் மார்கழி இசையையும் கேளுங்கள். தினமும் ஓடுகிற பெட்டிதான் அவசரத்துக்கு உதவும்.

கடிதத்தின் நகல் மேஜை மேல் இருக்கிறது. படித்துப் பார்த்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, கையெழுத்திட்டுப் போங்கள்.